முருகனுக்குக் கொடுத்த முடியும், என்னைத் திருடனாக்கிய போனும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு வருடம் தயங்கினேன். தினமும் விளக்கேற்றி, நெற்றி நிறைய விபூதி பூசுகிறவனைக் கட்டிய மனைவியே திருடன் என்று சொன்னால், அதை எப்படி வெளியே சொல்வது? முருகன்தான் தைரியம் கொடுத்தான்.

மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனால் திருத்தணியில் மொட்டை போடுவதாக வேண்டுதல். பேத்தி பிறந்தாள். ஒருநாள் என் மடியில் படுத்தபடி முதன்முதலாகச் சிரித்தாள். அப்படியே வீடியோ எடுத்தேன். (கை நடுக்கத்தில் பாதி நேரம் மின்விசிறிதான் தெரியும்.) மகள் கேட்டும் அனுப்பவில்லை. கண் பட்டுவிடுமே! உலகத்திலேயே அது என் போனில் மட்டும்தான் இருந்தது.

திருத்தணி ரயில் கூட்டத்தில் யாராவது போனை அடித்துவிட்டால்? மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். என்னென்னவோ தட்டினார்.

"மாமா, இனிமே உங்க மூஞ்சியக் காட்டுனா தொறக்கும். எவனாவது மூணு வாட்டி நம்பரத் தப்பா போட்டா சைரன் அடிக்கும். அவன் போட்டோ எனக்கு வந்துடும். உள்ள கீறது எல்லாத்தையும் இங்கருந்தே அழிச்சிடுவேன்."

ஆவடியில் ரயில் ஏறும்போது எனக்கு இருந்த கெத்து இருக்கிறதே!

மலையில் தலைமுடியோடு, இருபது வயதிலிருந்து வளர்த்த மீசையும் போனது. குளித்து, மொட்டையில் சந்தனம் பூசிக்கொண்டு, வீட்டுக்குச் சொல்லப் போனை எடுத்தேன். முகத்தைக் காட்டினேன். திறக்கவில்லை. (அதற்குத் தெரிந்தது மீசைக்காரனை மட்டும்தான்!) நம்பரைப் போட்டேன். விரலெல்லாம் சந்தனம், ஐந்தைத் தொட்டால் எட்டு விழுந்தது. மூன்றாவது தடவை மலையே அதிரும்படி ஊளையிட்டது.

"இன்னா நைனா, யாரு போனு அது?" என்றார் பூக்காரம்மா.

"என்னுதுதாம்மா!"

"உன்னுதுன்னா ஏன் உன்னப் பாத்து இப்டி கத்துது?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. நல்லவேளை, மனைவி அழைத்தாள். சைரன் நின்றது. எடுத்தேன்.

"டேய் மொட்ட! எங்க ஊட்டுக்காரர் போனு உன் கைக்கு எப்டிடா வந்துச்சி?"

போட்டோ வீட்டிலிருந்த மாப்பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது! ஊரே மொட்டையாகத் திரிகிற மலையில், மீசையில்லாத என்னை அவள் எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்? கூட்டத்தின் இரைச்சலில் குரலும் பிடிபடவில்லை போல.

"லட்சுமி, நான்தான்டி!"

"பேரு வேற தெரிஞ்சி வச்சிகினு கீறான். மாப்ளே, அழிச்சிடுங்க!"

"ஐயோ, வாணாம்! பாப்பா சிரிச்சது அதுலதான் கீது!"

"கொழந்தையப் பாத்துட்டியா? கண்ணு வச்சிட்டானே பாவி! சீக்கிரம் மாப்ளே!"

பேத்தியின் சிரிப்பு இதோ போகப்போகிறது. அப்போது மாப்பிள்ளையின் குரல் கேட்டது: "அத்த, எதுக்கும் ஒரு கேள்வி கேட்டுடுங்க."

"காலைல நான் இன்னா டிபன் குடுத்தேன்?"

"எங்க குடுத்த? விரதம் விரதம்னு சொல்லி ஒரு வாய் காப்பிகூடத் தராம கதவச் சாத்துன! கண்ணாலம் கட்டிகினதுலருந்து இதே கததான்!"

உடனே மாப்பிள்ளையிடம் சொன்னாள்:

"மாப்ளே, கைய எடுங்க. இது அவர்தான். எந்தத் திருடனுக்கும் என்மேல இவ்ளோ ஆத்திரம் இருக்காது."

அன்றே வீடியோவை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தினோம். திருஷ்டிக்காக என் போனின் முதுகில் மனைவி ஒரு மைப்பொட்டும் வைத்தாள். அந்தத் திருடன் போட்டோவை மட்டும் அவள் அழிக்கவில்லை. நான் அழைக்கும்போதெல்லாம் அவள் போனில் அதுதான் வருகிறது.

கதையும் வளர்ந்துகொண்டே போகிறது. என் மச்சான் சொல்லும்போது போலீஸ் ஜீப் வருகிறது. போன பொங்கலுக்கு விலங்கும் மாட்டிவிட்டான். ஆகவே பக்தகோடிகளே, இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். ஆனால் ஓர் எழுத்தையும் மாற்றாதீர்கள். முருகன்மேல் சத்தியமாகச் சொல்கிறேன், போலீஸ் வரவில்லை.