சொந்தக்காரரைக் குடிக்காத மோப்ப அங்கிள்

மெல்பன் முழுக்கத் தேடினாலும், ஒரு கோப்பைத் தேநீரால் ஒரு வீட்டையே நடுங்க வைக்கக்கூடியவர் எங்கள் மோப்ப அங்கிள் ஒருவர்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. நோபல் பார்க் என்ற புறநகரில் தனியாக இருந்தார்.

ஒரு பிறந்தநாள் விருந்தில் என் மனைவி அவருக்குத் தேநீர் நீட்டினாள். கண்ணை மூடி மோந்து பார்த்தார். "தங்கச்சி, இது எங்க ஊரு மலைக் கொழுந்து. நான் சொந்தக்காரங்கள குடிக்கிறதில்லம்மா" என்று கோப்பையைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவர் பிறந்த இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் இறந்தவர்களைத் தேயிலைக்கு நடுவேதான் புதைப்பார்களாம். கல் கிடையாது, மேலே ஒரு செடிதான். வந்திருந்தவர்கள் கோப்பைகளை மெல்லக் கீழே வைத்தார்கள்.

"ஐயோ, இவ்வளவு நாளும் ஆரைக் குடிச்சனாங்கள்?" என்றாள் என் மனைவி. பிறகு ஒரு மாதம் வீட்டில் தேநீர் இல்லை, கோப்பிதான்.

போன வருடம் நான் இலங்கைக்குப் போவதைக் கேள்விப்பட்டு வாசலில் வந்து நின்றார். "தம்பி, எங்கம்மா இருக்கிற மலைய புடுங்கி ஹோட்டல் கட்டப் போறாங்களாம். அதுக்கு முந்தி ஒருக்கா பாத்துறணும். தனியா போக பயமா இருக்கு."

"பேய்க்குப் பயமோ, அங்கிள்?"

"இல்ல தம்பி. இடம் மறந்துபோயிருக்குமோன்னு."

மலைநாட்டில் அது ஒரு சின்ன ஊர். வெள்ளைக்காரன் கட்டிய ரயில் நிலையம், தேவாலயம், அதன் முற்றத்தில் துரைமாருக்குப் பளிங்குக் கல்லறைகள். அங்கிள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. தேயிலைக்குள் ஏறினோம். பட்டப்பகலில் பனி இறங்கி என் கையே எனக்குத் தெரியவில்லை. முன்னால் அவர் குரல் மட்டும் கேட்டது. "சித்தப்பா, கொஞ்சம் தள்ளிக்கங்க... அத்தே, சேலைய மிதிச்சிட்டேனா?" யாரோ வழிவிடுவதுபோல் செடிகள் சரசரத்தன. காற்றே இல்லை. எனக்கு முருகன் பெயர்கூட மறந்துபோனது.

சட்டென்று குரல் நின்றது. இடுப்பளவுக்கு வெட்டிய செடிகளின் நடுவே ஒன்று மட்டும் மரமாக வளர்ந்திருந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பனிக்குள்ளிருந்து வந்தாள். "அதுல மட்டும் நாங்க கை வைக்கிறதில்லங்க. கத்தி வச்சா அன்னிக்கே யாருக்காச்சும் காய்ச்சல் வந்துரும்."

"அம்மாவுக்கு முடி வெட்டுனா புடிக்காது" என்று அங்கிள் சிரித்தார். பிறகு அதன் அடியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார்.

"ஒரு பிடி மண் எடுப்பமே, அங்கிள்?"

"ஆஸ்திரேலியாவுக்குள்ள விடமாட்டாங்க தம்பி."

மெல்பன் விமான நிலையத்தில், காலில் போட்டிருந்த சப்பாத்தில் சேறு இருப்பதைச் சுங்க அட்டையில் உண்மையாக எழுதிக் கொடுத்தார். அதிகாரி சப்பாத்தை மரியாதையாக வாங்கிப்போய், பளபளவென்று கழுவிக்கொண்டு வந்தார். அங்கிள் "தேங்க் யூ" என்றார். உதடு மட்டும் கோணிக்கொண்டு போனது.

என் சப்பாத்திலும் அதே சேறுதான். ஆளில்லாத தெருவிலும் சிவப்பு விளக்குக்கு நிற்கிற நான், அட்டையில் 'இல்லை' என்று போட்டிருந்தேன். காரில் ஏறியதும் கழற்றி, பின்னால் இருந்த அவர் மடியில் வைத்தேன். அவர் சேற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

நோபல் பார்க் வரை வெறுங்காலோடு ஓட்டினேன். பின் சீட்டில் அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள்.