முந்திக்கொண்ட பேனர்

சின்னாளப்பட்டிப் பிரிவில் பஸ்ஸை விட்டு இறங்கிய கஸ்பார், எதிரே தன் முகத்தையே பார்த்து அரண்டுபோனார். ஒச்சாயி டீக்கடையை ஒட்டி ஒரு பெரிய பேனர். 'முனைவர் பட்டம் வென்ற எங்கள் மச்சான் கஸ்பார்! இவண்: பிராங்கிளின்.'

வென்றாராம்! மதியம்தான் மதுரையில் வாய்மொழித் தேர்வில் மண்ணைக் கவ்வியிருந்தார்.

அளந்து பார்க்கும்வரை துகளுக்கு முடிவான நிலை என்று ஒன்று கிடையாது. ஒளியை முந்தி எந்தச் செய்தியும் போகாது. தலைமுடி கொட்டக் கொட்ட இதைத்தான் இயற்பியலில் ஆராய்ந்திருந்தார். வெளியூர்த் தேர்வாளரோ கணக்குப் பக்கமே போகவில்லை.

"காரணத்துக்கு முன்னாடி விளைவு வருமா?"

"வராது சார்."

"வராதா? நல்லா யோசிங்க." முறைத்தார்.

"வந்தாலும்... வரும் சார்."

கதை முடிந்தது. பட்டம் இல்லையென்றால் ஜூனில் கல்லூரி வேலையும் இல்லை.

பேனரையாவது இறக்கலாம் என்று கயிற்றில் கை வைத்தார். பைக்கில் வந்த மச்சினன் பிராங்கிளின் பதறினான். "சரிஞ்சிருக்குன்னு சொன்னா நான் கட்ட மாட்டேனா மச்சான்?" இன்னும் உயரத்தில் இழுத்துக் கட்டினான்.

"ஏம்ப்பா இம்புட்டு அவசரம்?"

"நேத்து நீங்க மதுரைக்கு பஸ் ஏறுனதுமே கட்டிட்டேன். அக்கா ஃபாதர்ட்ட நன்றிப் பூசைக்குச் சொல்லிருச்சு. பிரியாணிக்கும் சொல்லியாச்சு."

கஸ்பார் மழுப்பினார். "அந்தப் பட்டம்ங்கிற எழுத்தை மட்டுமாச்சும் மறைச்சிடுப்பா. கூச்சமா இருக்கு."

மச்சானின் அடக்கத்தில் உருகிய பிராங்கிளின், பெரிய ரோஜா மாலையாக வாங்கி வந்து அந்த எழுத்து மறையப் போட்டான். படமும் பெயரும் மாலையும்தான் இப்போது மிஞ்சின.

வழியே போன ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கும்பிட்டார். பக்கத்தில் நின்றவரை ஏறிட்டும் பார்க்காமல், "சின்ன வயசு. எப்பப் போனாரு?" என்றார்.

"மத்தியானந்தாங்க," என்றார் கஸ்பார்.

பெஞ்சில் சாய்ந்தவர் முன் ஒச்சாயி டீயை வைத்தாள்.

"வெசனப்படாதீக சார். எழுத்தை மறைச்சாலும் பேனரு வீண்போகல. காலையில கார்ல ஒரு பெரிய படிப்பாளி, மதுரைக்குப் பரீச்சை வைக்கப் போறவராம், டீயை ஆறவிட்டு அதையே பாத்தாரு. 'இவருக்கு எப்பம்மா பட்டம் குடுத்தாங்க?'ன்னாரு. 'இன்னிக்கு மத்தியானம் குடுப்பாக சார்'னு பெருமையாச் சொல்லிவிட்டேன்!"