ஐந்து மணிக்கு டாக்டர் பிஸி

“அஞ்சு மணிக்கு வந்துருவாங்க. எந்திரிச்சு இந்தச் சேலையக் கட்டு!” என்று மலர்க்கொடி பட்டுச் சேலையை மகளின் கட்டிலில் போட்டாள்.

பவானேஸ்வரி புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. டாக்டராகி, குழந்தை மருத்துவமும் முடித்து, இப்போது குழந்தைகளின் இதய நோய்க்கென்றே கோலாலம்பூரில் ஃபெலோஷிப் பயிற்சியில் இருந்தாள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. ரெம்பியாவில் இருக்கும் அம்மா வீட்டுக்கு லீவில் வந்தது தூங்குவதற்கு. தூங்க விட்டால்தானே!

“யாரும்மா?”

“உம்பாய் ஊரு மாப்பிள்ளை. போட்டோ அனுப்பினேனே, பாக்கலையா?”

“டிலீட் பண்ணிட்டேன். போன தடவ வந்தவரு என்ன சொன்னாரு? படிச்சது போதும், நிறுத்திடுன்னாரு. இவரும் அதையேதான் சொல்லுவாரு. எனக்கு இந்த ட்ரெய்னிங் முடியணும்மா.”

“டாக்டரான பெறகும் ஒருத்தி படிச்சுக்கிட்டே இருந்தா, ஃபெயிலாயிட்டான்னுதான் ஊரு பேசும்!”

மலர்க்கொடி கேசரி கிண்டப் போனாள். பவானி ஜன்னல் வழியே பார்த்தாள். பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா பேரனோடு கேட்டருகே நின்றிருந்தார். மூளையில் பல்பு எரிந்தது.

“அக்கா, தம்பி இருமுறானா? உள்ள வாங்க, பாத்துடலாம்!”

நோயாளி இருக்கும்போது எந்த மாப்பிள்ளை டாக்டரைக் கூப்பிட முடியும்?

ரோஸ் அக்கா சும்மா இருப்பாரா? தாமான் குடியிருப்புக்காரர்களின் வாட்சாப் குரூப்பில் ஒரு வரி போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் வாசல் நிறைந்துவிட்டது. லோரி ஓட்டும் அந்தோணிராஜ் முதல் ஆளாகச் சட்டையைக் கழற்றிவிட்டார்.

“அங்கிள், சட்டையப் போடுங்க! நான் சின்னப் புள்ளைங்க ஹார்ட் மட்டுந்தான் பாப்பேன்.”

“அவ்ளோதானே லா?”

போனவர் ஒரு பேத்தியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். பேத்தி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கி வந்தார்கள். ஒரே குழந்தை மூன்று தடவை உள்ளே வந்தது.

“இவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், படி ஏறினா எனக்குத்தான் மூச்சு வாங்குது” என்றார் அந்தோணிராஜ்.

வெளியே ரோஸ் அக்கா பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுத் தர்பார் நடத்தினார். “யாரா இருந்தாலும் வரிசைதான்! புள்ள வச்சிருக்கவங்க முன்னாடி, கெழடுங்க பின்னாடி!”

மணி ஆறு. மலர்க்கொடி எட்டிப் பார்த்தாள். “அலாமாக்! இன்னும் ஒருத்தரையும் காணோமேடி. ரோட்டுல நின்ன கூட்டத்தப் பாத்துட்டு சாவு வீடுன்னு திரும்பிட்டாங்களோ?”

பவானிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்து ஓர் இளைஞன், ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி தயங்கித் தயங்கி உள்ளே வந்தான்.

“நான் வந்து…”

“உக்காருங்க. பாப்பா பேரு என்ன?”

“திவ்யா. அக்கா மக.”

பவானி ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். “நெஞ்சுல லேசா ஒரு சத்தம் கேக்குது. பயப்படாதீங்க, வளர்ற புள்ளைங்க நெறைய பேருக்கு இருக்கும். ஓட்டை மாதிரி தெரியல. எதுக்கும் ஒரு தடவ ஸ்கேன் பண்ணிக்கலாம்.”

“சத்தத்த வச்சே சொல்லிடுவீங்களா? இதத்தான் படிக்கிறீங்களா?”

இப்படி யாரும் கேட்டதே இல்லை. பவானி உற்சாகமாக ஃபெலோஷிப்பைப் பற்றிச் சொன்னாள். தீக்குச்சி அளவு இரத்தக் குழாயைப் பற்றி, நீலம் பூத்துப் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி, சிகிச்சைக்குப் பின் முதன்முதலாக அப்படியொரு குழந்தையின் உதடு சிவந்ததைப் பார்த்து அழுததைப் பற்றி. அவன் கண் கொட்டாமல் கேட்டான்.

“இன்னும் ஒரு வருஷந்தானே? கண்டிப்பா முடிச்சிடுங்க. பாதியில விடவே கூடாது.”

“உங்களுக்குப் புரியுது! உம்பாய்லேர்ந்து ஒருத்தரு என்னப் பாக்க வர்றாரு, அவருக்கு எங்க புரியப்போகுது? அவருகிட்டேர்ந்து தப்பிக்கத்தான் இவ்ளோ கூட்டமும். பிளீஸ், இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்களேன்.”

“எனக்கு அவசரமே இல்ல டாக்டர்” என்றான் அவன். முகமெல்லாம் சிரிப்பு.

திவ்யா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, பொண்ணு பாத்து முடிச்சாச்சா? தாத்தாவும் பாட்டியும் இன்னும் வரிசையிலயே உக்காந்திருக்காங்க!”