பூ மாஸ்டரின் முதல் தெரிவு

எனக்குத் தெரிந்து பிள்ளையாரையே ஏமாற்றிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தன் வீட்டிலேயே எங்களுக்குக் கணிதம் படிப்பித்த பூ மாஸ்டர்.

வகுப்பில் நிகழ்தகவைக் கரைத்துப் புகட்டுவார். வகுப்பு முடிந்தால் எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்ப்பார். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக வெற்றிலையில் சுற்றிப் பிள்ளையார் முன் வைத்து ஒன்றை எடுக்கவேண்டும். சைக்கிளுக்குப் புது டயர் போடுவதா, பழையதையே ஒட்டுவதா என்பதற்கும் பூதான். ஒருநாள் அவர் மனைவி எங்கள் முன்னாலேயே கேட்டார்.

“என்னைக் கட்டவும் பூ வைச்சுப் பாத்தனீங்களோ?”

“ஓம். நீ வருமட்டும் திருப்பித் திருப்பிப் பாத்தனான்.”

மாமி குசினிக்குள் போய்ச் சிரித்தது வகுப்புக்கே கேட்டது.

அவர்களுக்கு ஒரே மகன், என்னைவிட மூத்தவன், கெட்டிக்காரன். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் எதை முதலில் போடுவது என்று மாஸ்டர் அவனுக்கும் பூ வைத்தார். யாழ்ப்பாணம் போட்டான். ஒருநாள் கம்பஸ் முடிந்து வரும் வழியில் ஷெல் விழுந்து செத்துப்போனான். மாஸ்டரின் சிரிப்பும் பகிடியும் அத்தோடு நின்றன. பூ மட்டும் நிற்கவில்லை. அவருக்கு விசர் என்று ஊர் கதைத்தது.

என் முறை வந்தது. எனக்குத் தெற்கே பேராதனையில் பொறியியல் படிக்க ஆசை. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தெற்கே போகும் பாதை எதிலும் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை.

“யாழ்ப்பாணத்திலையே விஞ்ஞானம் படி. என்ரை கண்ணுக்கு முன்னாலை இரு.”

தெரிவு வரிசையை அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. வீட்டில் ஒரே சண்டை. கடைசியில் இருவரும் பூவுக்குச் சம்மதித்தோம். சிவப்பென்றால் பேராதனை.

மாஸ்டர் பொட்டலங்களோடு வந்து பிள்ளையார் படத்தின் முன் வைத்தார். அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரத்தம்பூ. எனக்குத் துள்ளவேண்டும் போலிருந்தது. அம்மா என்ன நினைத்தாரோ, மற்றதையும் பிரித்தார். அதிலும் செவ்வரத்தம்பூ.

“என்ன மாஸ்டர், பிள்ளையாருக்கு முன்னாலையும் கள்ள விளையாட்டோ?”

மாஸ்டர் தலை குனிந்தார்.

“ஓம் பிள்ளை, கள்ளந்தான். என்ரை பொடியனுக்கு ஒழுங்கா வைச்சனான். வெள்ளை வந்தது. கிட்ட இருப்பான் எண்டு எனக்கும் சந்தோசம். திருப்பிப் பாக்காமல் விட்டிட்டன். அதுக்குப் பிறகு நான் வெள்ளைப் பூ பிடுங்கிறேல்லை.”

அம்மா அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேனையை எடடா” என்றார்.

பேராதனை விடுதியில் மானிப்பாய்ப் பொடியன்கள் பலர் இருந்தார்கள். யாரைக் கேட்டாலும், “எனக்குச் சிவப்பெல்லோ வந்தது” என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் வாயே திறக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது மாஸ்டரும் மாமியும் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. இன்றும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எந்தப் பிள்ளையார் கோயிலுக்குப் போனாலும் எனக்கு ஒரே வேண்டுதல்தான்: அந்த ஏமாற்றுக்குப் பாவம் என்று ஏதும் இருந்தால், மாஸ்டரை விட்டுவிடு, அதை எனக்குத் தா.