தலைகீழ்த் தவசிகள்

பொழுது சாய்ந்தால் போதும், தெருச் சங்கக் கட்டடத்தின் முன்னால் நிற்க இடம் கிடைக்காது. வண்டி நிறுத்தும் இடத்தில் வண்டிகளைத் துரத்திவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. மேசைமேல் மெத்தை. மெத்தைமேல் ரீங்கார அடிகள்.

இடுப்புக்கு மேலே அவருக்குத் துணி இல்லை. கைகள் இரண்டையும் நீட்டி, கண்ணை மூடி, கொசுவின் குரலிலேயே "ம்ம்ம்ம்" என்று முனகுவார். அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்த கூட்டமோ தன்னைத்தானே அறைந்துகொண்டிருக்கும். கன்னத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று, அடுத்தவர் முதுகில் உரிமையோடு ஒன்று. அடிகளின் மேல் மட்டும் ஒரு கொசு உட்காராது. பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதையாக விலகிப் போய்விடும்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று சங்கச் செயலாளர் பக்கத்தில் இருந்தவரின் தொடையைக் கிள்ளுவார். செயலாளர் தரைக்கல் கடை வைத்திருக்கிறவர். ஒரு கல்லைத் தட்டிப் பார்த்தே எங்கே விரிசல் என்று சொல்லிவிடுவார். ஆட்களைத் தட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

"என்ன ஒரு வாசனை பாருங்க அவர்மேல!" என்று கண் சொக்குவாள் தெருக்கோடியில் அழகு நிலையம் நடத்துகிறவள். எலுமிச்சையும் புல்லும் கலந்த மாதிரி ஒரு மணம். தவத்தின் மணம் என்று அடிகள் சொல்லியிருந்தார். தவம் செய்து பார்த்தவர்கள் யாரும் அந்தத் தெருவில் இல்லாததால் மறுப்பாரும் இல்லை.

கொசுவை ஒழிக்க அடிகள் தந்தது கலயம். சின்ன மண் கலயம், கழுத்துவரை தண்ணீர், அதில் அவர் ஊதிய ஒரு மூச்சு. வீட்டில் இருட்டான மூலையில் வைக்க வேண்டும். தண்ணீரைக் கொட்டக் கூடாது, மாற்றக் கூடாது, மூடவே கூடாது. மூடினால் சக்திக்கு மூச்சு முட்டுமாம். ஒரு கலயத்துக்குக் கொசு குறையாவிட்டால் இரண்டு. இரண்டுக்கும் குறையாவிட்டால் குடும்பக் கலயம் என்று ஒன்று இருந்தது, குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. விலையும் அதே அளவுக்குப் பெரிது.

வைத்த சில நாளில் கலயத்துக்குள் அற்புதம் நடந்தது. தண்ணீரில் துரும்பு துரும்பாக ஏதோ நெளிந்தது, தலை கீழே, வால் மேலே. தெருவே ஓடிப் போய் அடிகளிடம் சொன்னது. அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"வந்துவிட்டார்களா? அவர்கள் தலைகீழ்த் தவசிகள். உங்கள் இல்லத்தைக் காக்கத் தலைகீழாய் நின்று தவம் இயற்றுகிறார்கள். தவம் முடிந்ததும் உடலைக் களைந்து, அரூபமாய்ப் பறந்து, கொசுக்குலத்தோடு போர் புரிவார்கள்."

அதன்பிறகு கேட்க வேண்டுமா? "எங்க வீட்டுல தவசி நெருக்கியடிச்சு நிக்கறாங்க" என்று ஒருத்தி பெருமை அடித்தால், "எங்க வீட்டுல இடமே பத்தல, ஒருத்தர் மேல ஒருத்தர் நிக்கறாங்க" என்பாள் அடுத்தவள். தண்ணீரில் வெறும் தோல் மிதந்தால் வீட்டுக்கு வீடு கொண்டாட்டம். உடலைக் களைந்துவிட்டார், போருக்குப் போய்விட்டார்! அன்று மாலை கொசு இன்னும் அதிகமாகக் கடிக்கும். போர் மும்முரம் என்று சொறிந்துகொள்வார்கள்.

இந்தக் கூத்தில் சேராத ஒரே ஆள் பல் டாக்டரம்மா. அவள் வீட்டு முன்னறைதான் மருத்துவமனை. பின்பக்கம் தோட்டம், தோட்டத்தில் ஒரு குளம். குளம் என்றால் நாலு பேர் கைகோத்தால் வளைத்துவிடலாம், அவ்வளவுதான். கொஞ்சம் அல்லி, நிறையக் குட்டி மீன்கள். நாள் முழுவதும் அவளைக் கண்டால் முகம் வெளுக்கிறவர்களோடுதான் அவளுக்கு வேலை. அவளைக் கண்டதும் ஆசையாக ஓடிவருகிற உயிர்கள் அந்த மீன்கள் மட்டும்தான். ஒரு கடைவாய்ப் பல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே பின்கட்டுக்குப் போய் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால்தான் அவளுக்கு வேலை ஓடும். அந்தக் குளத்தின்மேல் அவளுக்கு உயிர்.

அந்தக் குளத்தின்மேல்தான் அடிகளின் கண்ணும் விழுந்தது. இத்தனை கலயம் வைத்தும் கொசு ஏன் குறையவில்லை என்று யாரோ ஒரு துணிச்சல்காரர் வாய்தவறிக் கேட்டுவிட்டார். அடிகள் மூக்கை உறிஞ்சினார். "இத்தெருவில் தேங்கிய நீர் ஒன்று உண்டு. அங்கிருந்து எதிரிப்படை புறப்படுகிறது. அதைத் தூர்க்காதவரை என் தவசிகள் என் செய்வார்கள்?"

குளத்தைத் தூர்ப்பது என்று சங்கம் தீர்மானம் போட்டது. ஞாயிற்றுக்கிழமை மண் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது.

டாக்டரம்மா தன்னால் ஆனமட்டும் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். "மீன் இருக்கற தண்ணியில கொசு எப்படிங்க வளரும்? புழு வெளிய வந்த உடனே மீன் தின்னுடாதா? நீங்களே சொல்லுங்க" என்று நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர்களிடம் நியாயம் கேட்டாள். "ஆ... ஆ..." என்றார்கள். தலையாட்டக்கூட வழியில்லை, வாய்க்குள் அவள் கை இருந்தது. ஊரே தன் பக்கம் என்று நம்பிவிட்டாள். வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே சங்கத்துக்குப் போய், குளத்தைத் தூர்க்கச் சொல்லி அவர்கள் கையெழுத்துப் போட்டது பின்னால்தான் தெரிந்தது.

அதில் முதல் கையெழுத்து அவள் வீட்டுக்காரருடையது. அவர் வங்கியில் கடன் பிரிவு அதிகாரி. கடன் கேட்டு வருகிறவனிடம் அவன் பிறந்ததற்கும் ஆதாரம் கேட்பார், இன்னும் சாகாததற்கும் ஆதாரம் கேட்பார். அடிகளிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. குடும்பக் கலயம் வாங்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்து, காலையில் எழுந்ததும் குனிந்து தவசிகளுக்கு வணக்கம் சொன்னார்.

"ஏங்க, அது கொசுப்புழுங்க" என்றாள் அவள்.

"உனக்குப் பல்ல பத்தித்தான் தெரியும். தவத்த பத்தி என்ன தெரியும்?"

"உங்க முகத்தக் கண்ணாடில பாத்தீங்களா? கடிச்சுக் கடிச்சு வீங்கிப் போயிருக்கு."

"போர்னா நாலு அடி விழத்தான் செய்யும்" என்று அவர் வீரமாகச் சொறிந்துகொண்டார்.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் குளம் நிறையுமே தவிரத் தப்பாது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, அன்று மாலைக் கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்றாள்.

"சாமி, ஒரு சந்தேகம். தவம் முடிஞ்சதும் தவசிங்க அரூபமாத்தானே வெளிய போறாங்க?"

"அரூபமாய்."

"நடுவுல ஒரு துணி இருந்தா தடுக்குமா?"

கூட்டம் சிரித்தது. அடிகளும் கருணையோடு சிரித்தார். "அம்மணி, மலையே தடுக்காது. துணியா தடுக்கும்?"

"மூடக் கூடாதுன்னு சொன்னீங்களே?"

"மூச்சு நுழையும் துணியென்றால் குற்றமில்லை" என்றார் அடிகள். மலையைத் தாண்டுவார்கள் என்று சொன்னபிறகு வேறென்ன சொல்வது?

"அப்ப ஒரு கலயத்தக் கட்டி, பூட்டி வெச்சு, ஞாயித்துக்கிழம எல்லாரும் பாக்கலாம்" என்றாள். கட்டிலடிக் கலயத்தை ஆள் பிடித்துத் தூக்கிவந்து, காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியை இரண்டு மடிப்பாக அதன் வாயில் போட்டு, தளர்வாகக் குமிழ்போல நிற்கவிட்டு, கழுத்தில் இறுக்கிக் கட்டினாள். கலயத்தைச் சங்க அறையில் வைத்துப் பூட்டி, சாவியைச் செயலாளர் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண் லாரியும் வந்தது. டாக்டரம்மாவின் தோட்டத்துக் கதவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு உறுமியது. தெரு முழுக்கத் தோட்டத்தில் கூடியிருந்தது. அடிகளுக்கு அல்லிக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் அவருடைய தலைமைச் சீடர். செயலாளர் கலயத்தைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் வைத்தார்.

வலைத்துணிக்கு அடியில் கொசு. ஒன்றிரண்டு இல்லை, கும்பல். துணியின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு, வெளியே இருந்த ரத்தத்தை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன.

"இதாங்க உங்க தவசிங்க" என்றாள் டாக்டரம்மா. "பூட்டின ரூம். கட்டின துணி. சாவி உங்ககிட்ட. வெளியிலேர்ந்து ஒண்ணும் உள்ள வரல. உள்ளேர்ந்துதான் வந்திருக்கு. இத்தன நாளா வீட்டுக்கு வீடு கொசு வளத்துக்கிட்டிருக்கீங்க, காசும் குடுத்து!"

கூட்டம் வாயைப் பிளந்தது. முடிந்தது கதை என்று அவள் நினைத்தாள். பாவம், படித்தவள் அல்லவா, கண்ணால் பார்த்தால் நம்புவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

அடிகள் மெல்ல எழுந்தார். "ஆகா! கண்டீர்களா லீலையை! என் தவசிகள் கொசு வேடம் பூண்டிருக்கிறார்கள். எதிரிப் பாளையத்தில் ஒற்றறிய!"

"ஒற்றர்களா!" என்று தெருவே மெய்சிலிர்த்தது. அவள் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் கட்டிலடியில் உளவுத்துறையே நடந்திருக்கிறது!

"லாரிய உள்ள விடுப்பா" என்று கையசைத்தார் செயலாளர். லாரி பின்னால் நகர்ந்தது. வேலி முறிந்தது. கரைக்கல் ஒன்று புரண்டு குளத்தில் விழ, மீன்கள் சிதறி ஓடின. பேசி இவர்களை ஜெயிக்க முடியாது என்று அந்த நொடியில் டாக்டரம்மாவுக்கு விளங்கியது. நாற்காலியில் கிடக்கிற நோயாளியிடம் பேசிப் பேசியா பல் பிடுங்குவாள்?

"சாமி! உங்க ஒற்றருங்க உங்கள கடிக்க மாட்டாங்கல்ல?"

"என்னை எந்தக் கொசுவும் தீண்டியதில்லை. இவ்வூரே சாட்சி."

"அப்ப துணிய லேசா விலக்கறேன். கைய உள்ள விடுங்க. உங்கமேல ஒண்ணுகூட உக்காரலன்னா, குளத்த நானே தூத்துடறேன்."

"நிறுத்துப்பா லாரிய!" என்று பத்துக் குரல் கத்தியது. அற்புதத்தை யாராவது தவறவிடுவார்களா? அடிகள் கையை நீட்டினார். ஒரு தயக்கமும் இல்லை. எலுமிச்சை மணம் தோட்டம் முழுக்கப் பரவியது.

"ஒரே ஒரு நிமிஷம்" என்றாள் டாக்டரம்மா. ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தாள். "கைய மட்டும் கழுவிடுங்க. எங்க தொழில்ல அது பழக்கம்."

அடிகளின் கை அப்படியே நின்றது. "சோப்பு... என் மேனியில் சோப்பு படலாகாது."

"ஏன் சாமி?"

"தவத்தின் மணம் கலைந்துவிடும்."

"மணம் கலைஞ்சா கலையட்டுமே. கொசு மணத்துக்கா பயப்படுது? உங்களுக்குத்தானே?"

பதில் சொல்ல அடிகள் வாயைத் திறப்பதற்குள் அழகு நிலையக்காரி முன்னால் பாய்ந்தாள். தெருவிலேயே பெரிய பக்தை. "சாமி, உங்க கைய நான் கழுவிவிடறேன்! எனக்கு அந்தப் பாக்கியம் வேணும்!" என்று பிடித்துக்கொண்டாள். தொழில் தெரிந்த கை. விரல் இடுக்கு, நகக்கண், முழங்கைவரை நுரை பொங்கத் தேய்த்தாள். அடிகள் இழுத்த இழுப்புக்கெல்லாம், "கூச்சப்படாதீங்க சாமி" என்று இன்னும் இறுக்கிப் பிடித்தாள். துடைத்த கையோடு துணியை விலக்கி, அற்புதம் பார்க்கிற ஆவலில் அவளே உள்ளே திணித்தாள்.

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

ஒற்றர்களுக்குப் பல நாள் பசி. தலைவர் என்றும் பார்க்கவில்லை, குரு என்றும் பார்க்கவில்லை.

"அய்யோ! விடுடி கைய! ச்சீ, சனியனுங்களா!" என்று அடிகள் அலறினார். அதுவரை அவர் பேசிய செந்தமிழ் எங்கே போயிற்றோ! கையை உருவிக்கொண்டு பட்பட்டென்று அறைந்தார். உளவுத்துறை நசுங்கிச் செத்தது. கூடவே ஓடிவந்தார் அவருடைய தலைமைச் சீடர், தொப்பையும் தாடியுமாக. குருவின் வேதனை தாங்காமல் மடியிலிருந்து ஒரு குழாயை எடுத்துப் பிதுக்கினார்.

"குருவே, இந்தாங்க கிரீம்! சீக்கிரம் பூசிக்குங்க! காலையில பூசினது போயிடுச்சு!"

எலுமிச்சையும் புல்லுமாக மணம் மறுபடி எழுந்தது.

அழகு நிலையக்காரி குழாயைப் பிடுங்கிப் படித்தாள். "கொசு விரட்டும் கிரீம்." ஒருமுறை முகர்ந்தாள். "அடப்பாவி, இதத்தான் நான் நெத்தியில ஒத்திக்கிட்டேனா!"

அதற்குள் அடிகள் சீடரோடு வேலி இடைவெளி வழியாகக் கம்பி நீட்டியிருந்தார். வழி செய்து கொடுத்தது லாரி. பணத்தைக் கேட்டுத் துரத்திய செயலாளரால் லாரிவரைதான் ஓட முடிந்தது. சீடரின் செருப்பு ஒன்றுதான் கையில் கிடைத்தது.

தெரு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. "போய் ஆளுக்கு அவங்கவங்க கலயத்த எடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்துவந்தார்கள். "கொசுவா ஆனத விடுங்க, புழுவா இருக்கறத இங்க கொட்டுங்க" என்று குளத்தைக் காட்டினாள். முதல் கலயம் கவிழ்ந்தது. மீன்கள் நாலா பக்கமிருந்தும் பாய்ந்து வந்தன. கண்மூடித் திறப்பதற்குள் ஒரு தவசிகூட மிச்சமில்லை.

வரிசையாகக் கலயங்கள் கவிழ்ந்தன. கடைசியில் அவள் வீட்டுக்காரர்தான் மெல்லக் கரையில் குனிந்தார்.

"எப்பேர்ப்பட்ட மீனுங்க! இதுங்க சாதாரண மீனா இருக்காது. மீன் சாமி!"

"மீன் சாமி!" என்றார் செயலாளர், கையைக் கூப்பி. "இந்தக் கரையில ஒரு மேடை கட்டிடலாம். தரைக்கல்லு நம்ம கடையில இருக்கு. பக்கத்துல ஒரு உண்டியல்..."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இந்தத் தடவை கொசுவுக்காக இல்லை.

டாக்டரம்மா வாளியைத் தூக்கி நங்கென்று தரையில் வைத்தாள்.

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல! அதுக்குப் பசிக்குது, தின்னுது! யார் என்ன சொன்னாலும் மெல்லாம முழுங்கறீங்களே, அப்புறம் வாய் நிறையப் பல்ல எதுக்கு வெச்சிருக்கீங்க? வாங்க உள்ள, ஒண்ணு விடாம புடுங்கி விட்டுடறேன்!"