புஷ்பவள்ளிக்கு என்ன கொடுப்பது?

"இதென்ன, கூலியா?" புஷ்பவள்ளி கவரைத் தொடக்கூட இல்லை. "என்னை என்ன, ஆயான்னு நெனச்சியா ரமணி?"

ரமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. மகன் அர்ஜுனனைப் பார்த்துக்கொண்டதற்கு, முதல் மாதச் சம்பளத்தில் ஐம்பது வெள்ளி நோட்டைக் கவரில் போட்டு மரியாதையாகத்தான் நீட்டினாள். ரவாங் பேக்டரிக்கு பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு மரியாதை தெரியாதா?

மலேசியாவில் ஈஜோக் பக்கத்து அந்தத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது. லயத்து வீடுகளில் இருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகளை ஆயா சின்னத்தாய் அங்கே இலவசமாகப் பார்த்துக்கொள்வாள். ஆனால், "அந்தத் தொட்டில் வரிசையில எம்புள்ளையா?" என்று ரமணி முதல் நாளே மூக்கைச் சுளித்துவிட்டாள். லயத்துப் பெண்களிடம் நின்று பேசுவதையும் அன்றோடு நிறுத்திக்கொண்டாள். மிச்சமிருந்த ஒரே தோழி புஷ்பவள்ளி. அவளும் கோபித்துக்கொண்டால் வேலையை விட வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகைக்குப் போய் நிற்க வேண்டும். இரண்டில் எது பெரிய கேவலம் என்று ரமணிக்குப் புரியவில்லை.

"காசு குடுத்தா கோவிச்சுக்கிறா. என்னங்க செய்யலாம்?" என்று கணவன் பாலனிடம் கேட்டாள்.

விடியுமுன் லோரி எடுக்கப் போய் இருட்டியபின் வருகிறவன் பாலன். "சும்மா விடு லா. அவதான் வேணாங்கிறாளே" என்றான். ஆண்களுக்கு எல்லாமே சுலபம்.

மறுநாள் ஒரு மைலோ டின் கொண்டுபோனாள். கோபம் உடனே இறங்கிவிட்டது. அடுத்த மாதம் சேலை. "எனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று சொல்லிக்கொண்டே புஷ்பவள்ளி முந்தானையைப் பிரித்துப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருதான் பாவம், பழைய சட்டையிலயே சுத்துறாரு."

அவள் கணவன் ரெங்கசாமிக்கும் ஒரு சட்டை போயிற்று.

மூன்றாம் மாதம், "ஒம்மகன் பாட்டுக் கேட்டாத்தான் தூங்குறான். நானும் எவ்வளவு நேரந்தான் பாடுறது? தொண்ட கட்டிக்கிச்சு" என்றாள் புஷ்பவள்ளி, கணீரென்ற குரலில்.

ரமணி உருகிப்போனாள். தவணையில் ஒரு ரேடியோ கேசட் வந்து இறங்கியது. புஷ்பவள்ளி வீட்டில்தான்.

"நீ வேலைக்குப் போறது நமக்கா, ரெங்கசாமி குடும்பத்துக்கா?" என்று பாலன் கேட்டான்.

நான்காம் மாதம் புஷ்பவள்ளி ரமணியின் காதையே பார்த்தாள். "இந்தத் தோடு ஒனக்கு எடுப்பாவே இல்ல ரமணி."

ரமணி நடப்புக் கூலி என்னவென்று விசாரித்து, காசாகவே கையில் திணித்துவிடுவது என்று முடிவு செய்தாள். தோட்டத்தில் அது தெரிந்தவள் ஆயா ஒருத்திதான். கௌரவத்தை விழுங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அர்ஜுனனை இடுப்பில் வைத்துக்கொண்டு சின்னத்தாய் வீட்டுக்குப் போனாள்.

புது முகத்தைக் கண்டாலே வீரிட்டு அழுகிற பயல், சின்னத்தாயிடம் சிரித்துக்கொண்டு தாவினான். ஆயாக்களிடம் ஏதோ வசியம் இருக்கிறது என்று ரமணி நினைத்துக்கொண்டாள்.

"ஏங்கக்கா, ஒரு கொழந்தைய நாள் முழுக்கப் பாத்துக்கிட்டா மாசம் என்ன குடுக்கலாம்? புஷ்பவள்ளிக்குத்தான் கேக்குறேன்."

சின்னத்தாய் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவளுக்கு எதுக்கும்மா? காலையில ஒன் பஸ்ஸு போனதும் கொட்டகையில கொண்டாந்து விட்டுட்டு, சாயங்காலம் ஒன் பஸ்ஸு வர்றதுக்கு முந்தி தூக்கிட்டுப் போறதுக்கா?"