கல்யாணப் பத்திரிகையும் சீனப் பேராசிரியர்களும்

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை வாசுகி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழையும் நாங்களும் நலம். அங்கே அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்ன நாளிலிருந்து நீங்கள் உங்கள் மகள் ராஜப்ரியாவிடம் பேசுவதில்லை. நான் போனில் அந்தப் பேச்சை எடுத்தால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். ஆகவே கடிதம். இங்கே நடந்தது இதுதான். நூறு ஆண்டுகளுக்கு முன் சீனாவில் படித்தவர்களெல்லாம் ஊரில் ஒருவரும் பேசாத பழைய நடையில் எழுதிவந்தார்கள்; அப்போது, பேசுவதுபோல் எழுதுங்கள், தேய்ந்த சொற்களை விடுங்கள், சொல்ல விஷயம் இருந்தால் மட்டும் எழுதுங்கள் என்று சில இளம் பேராசிரியர்கள் கிளம்பினார்கள் என்று, நான் கல்லூரியில் நடத்தும் பாடத்தை என் வீட்டில் தங்கியிருக்கும் ராஜப்ரியாவுக்குச் சாப்பிடும்போது சொன்னேன். அவர்களில் சிலர் வீட்டில் பழைய நடையிலேயே கவிதை எழுதினார்கள் என்றும் சொன்னேன். அதற்குள் அவள் கை கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் தன் கல்யாணப் பத்திரிகையை அவளே எழுதினாள். 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு' என்பதைப் பேச்சுத் தமிழில் எழுதிப் பார்த்ததும் அது பொய் என்று தெரிந்துவிட்டதாம். 'நாங்களே முடிவு பண்ணிட்டோமுங்க' என்று மாற்றினாள். 'சுபயோக சுபதினத்தில்' என்பது 'மண்டபம் அன்னைக்குத்தான் கெடச்சுதுங்க' ஆயிற்று. பிறகு கை நிற்கவில்லை. 'மாப்பிள்ளையோட அப்பா ஆடி மாசம் முழுக்க எங்ககூடப் பேசலைங்க. பொண்ணோட அப்பா இன்னும் பேசலைங்க. எல்லாரும் வந்துருங்க' என்று முடித்து, அச்சகக்காரர் அய்யாவுவிடம் கொடுத்துவிட்டாள். அவர் பிள்ளையார் சுழியை மட்டும் தன் பொறுப்பில் சேர்த்து, மாதிரிப் பிரதி ஒன்றை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மாப்பிள்ளை கீர்த்திவாசனின் அப்பா குமாரசாமி, மேட்டுப்பாளையத்தில் உருளைக்கிழங்கு மண்டியை அப்படியே விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். மப்ளரைக் கழற்றாமல், காபியைத் தொடாமல், இதை மாற்றாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்றார். இதில் பொய் ஒன்றும் இல்லையே என்றேன்.

“ஏனுங்க டீச்சர், நெசம்னு எனக்குந் தெரியுமுங்க. நெசத்தைப் போயி யாராச்சும் பத்திரிகைல போடுவாங்களா?”

சீனாவில் எதிர்த்தரப்பு அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. நான் ஒப்புக்கொண்டேன். ராஜப்ரியா அழுதாள், பிறகு அவளும் ஒப்புக்கொண்டாள். வழக்கமான வாசகமே அச்சாகும். பெரியோர்கள் நிச்சயித்தபடி, உங்கள் பெயர் மேலே. அதில் யாரும் யாரிடமும் பேசாமல் இல்லை. நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு என்றும் வேண்டும்.

வணங்கும் தங்கை,
வாசுகி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் குமாரசாமி போன் செய்தார். அவர் மனைவி மருதாம்பாள் அந்த மாதிரிப் பிரதியைச் சத்தமாகப் படித்துவிட்டு, ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கடைசி வரி வரைக்கும் படித்தது இதுதான் முதல் தடவை என்றாராம். பிறகு குமாரசாமியே, “பொண்ணு எழுதுனதே அச்சாகட்டுமுங்க. ஆனா நா மட்டுமா பேசாம இருந்தேன்? அவளுந்தானுங்க. அவ பேரையுஞ் சேத்துப் போட்டுருங்க,” என்றார். ஆகவே ராஜப்ரியா எழுதியதே அடுத்த வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. உங்களைப் பற்றிய வரி அப்படியே இருக்கிறது. புதன்கிழமைக்குள் அது பொய்யாகிவிட்டால், எடுத்துவிடச் சொல்கிறேன்.